ஏனென்றாலாரும் ஓடாத லிப்டும்

ஆள்காட்டி விரல் ஒன்று கீபோர்டின்மேல் இறங்கி, ஏழு எழுத்துகளைத் தேடித் தேடி அடிக்கிறது. நிற்கிறது. மற்றக் கை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுகிறது. விரல் யோசிக்கிறது. விரலுக்கு யோசிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள், இந்த விரலுக்குத் தெரியும். பிறகு அது அழிக்கும் பொத்தானின்மேல் உட்கார்ந்துகொண்டு ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தின்கிறது. அடுத்து ஐந்தெழுத்துச் சொல் ஒன்று வருகிறது. அதுவும் போகிறது. அதற்கடுத்தது இரண்டே எழுத்து. முதல்தடவை ஒரு வீட்டுக்கு வந்தவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல, உட்காரலாமா கூடாதா என்று அது கொஞ்ச நேரம் திரையில் நிற்கிறது. பிறகு அதையும் காணோம்.

இந்தக் கைக்குச் சொந்தக்காரரை உங்களுக்குத் தெரியும். சங்கம் இருக்கும் இடத்திலெல்லாம் இருப்பார். அலுவலகத்தில் ஜன்னலோர மேஜைக்காரர் அவர்தான். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இங்கிலீஷில் நாலு வரி எழுத வேண்டும் என்றால் எல்லோரும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், தட்டிவிட்டு அன்றைய பொழுதை அங்கேயே கழிப்பார்கள். நான் இந்த இனத்துக்கு ஏனென்றாலார் என்று பெயர் வைத்திருக்கிறேன். மரியாதைக்குக் குறைவில்லாத பெயர். பழைய புலவர் யாரோ ஒருவரின் பெயர்போலவும் இருக்கிறது.

ஏனென்றாலாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். அதுதான் தொல்லை.

தமிழில் ஒரு காரணத்தைச் சொல்ல என்ன வேண்டும்? வார்த்தையின் வாலில் ஓர் 'ஆல்' ஒட்டினால் தீர்ந்தது. மழை பெய்ததால் வரவில்லை, பேருந்து நின்றுவிட்டதால் வரவில்லை, வர மனசில்லாததால் வரவில்லை. எல்லாப் பொய்க்கும் ஒரே பசை. இங்கிலீஷ்காரன் அப்படி விடவில்லை. காரணம் என்ற ஒரே வீட்டுக்கு நாலு வாசல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காவல்காரனை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். ஏனென்றாலார் அந்த நாலு வாசலுக்கும் நடுவே நின்று தலைசுற்றிப்போனவர்.

அவர் பார்வையில் அந்த நால்வரும் நாலு விதம். 'பிகாஸ்' கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, காரணத்தை மேஜைமேல் தொப்பென்று போட்டு, "இப்ப என்னங்கறே?" என்று கேட்கிற ஆள். பலசாலி, ஆனால் பெரிய மனிதர்கள் முன்னால் அவனை நிறுத்த முடியாது. 'சின்ஸ்' தோளில் கை போட்டு, "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று ஆரம்பிக்கிறவன். தெரியாதவர்களிடமும் அப்படியே ஆரம்பித்துவிடுவான், அதோடு எந்தத் தேதியிலிருந்து என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வான். 'ஆஸ்' பூனை. சத்தமில்லாமல் வந்து காலடியில் உட்காரும். ஆனால் காரணமாக வந்ததா, சும்மா அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததா என்று தெரியாது. 'ஃபார்' கோட்டுப் போட்ட கிழவர். வாக்கியத்தின் முதல் வரிசையில் உட்கார மாட்டார், நடுவில் வந்து கனைப்பார், இப்போதெல்லாம் யாரும் அவரைக் கூப்பிடுவதும் இல்லை; கூப்பிடாவிட்டால் வருத்தப்படுவாரோ என்று ஏனென்றாலார்தான் வருத்தப்படுவார்.

இப்படிப்பட்டவர் ஒரு விடுப்புக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜுரம், அதனால் வர முடியாது. இவ்வளவுதான் விஷயம். முதல் நாள் பிகாஸ் போட்டார். மேலாளர் முகத்துக்கு நேரே இருமியதுபோல் இருந்தது. மறுநாள் சின்ஸ் போட்டார். எனக்கு ஜுரம் என்று மேலாளருக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ் போட்டு, படித்து, தலையாட்டி, உறையில் வைத்து ஒட்டப்போகும்போது ஜுரம் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய்த் தானாகவே இறங்கிவிட்டது. அவர் குளித்து, தலைவாரி, நல்ல ஆரோக்கியத்தோடு அலுவலகத்துக்குப் போய், தனக்கு உடம்பு சரியில்லை என்ற கடிதத்தைத் தானே கொடுத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் கேட்டு வருங்கால மாமனாருக்கு எழுதியதும் இங்கிலீஷில்தான். தங்கள் மகளை மணக்க விரும்புகிறேன் என்பதுவரை மளமளவென்று வந்தது. அதற்கடுத்த சொல்லுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் எழுதி முடிப்பதற்குள் மாமனாரே ஆள்விட்டு, "காரணம் அப்புறம் பாத்துக்கலாம், பையனை வரச்சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார். முப்பது வருஷமாகிறது. எதற்காக இந்த மனிதர் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று அந்த அம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

இவ்வளவும் முன்கதை. விரலுக்கு வருவோம்.

விரலுக்குச் சொந்தக்காரர் டயர் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சங்கத்தின் அறை தரைத்தளத்தில், லிப்டுக்கு நேர் எதிரே. லிப்ட் பழையது, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து, இழுத்தால் மடங்கித் திறக்கிற கதவு. அன்று காலை மெக்கானிக் வந்து பார்த்தான்.

"சார், கதவு லாக்கு தேஞ்சிருக்கு. ஓடும், ஆனா எறங்கறப்போ தொறக்குமான்னு சொல்ல முடியாது. நான் கடைக்குப் போய் வேற லாக்கு வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் ஏறாம ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்க."

"எந்த மொழியில?"

"எந்த மொழியிலயாவது ஒட்டுங்க சார்."

கட்டடத்தில் பல பாஷைக்காரர்கள் இருந்தார்கள். அதனால் இங்கிலீஷ் என்று முடிவாயிற்று. லிப்டைப் பயன்படுத்த வேண்டாம்: இது ஒரு நொடியில் வந்துவிட்டது. கதவு கோளாறு: இதுவும் ஒரு நொடிதான். இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு சொல் வேண்டும். அங்கே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒட்டும் டேப் சுருள். டேப்பின் நுனியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதை நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்து, மறுபடி தொலைந்துவிடாமலிருக்கக் கட்டைவிரலில் ஒட்டி வைத்திருந்தார்.

"சார், அதுவரைக்கும் நான் வேணா லிப்ட் பக்கத்துல நிக்கட்டுமா? வர்றவங்ககிட்ட வாயால சொல்லிடறேன்."

"நீ சொன்னா அது தகராறு ஆகும். பேப்பர் சொன்னா அறிவிப்பு. இங்கயே நில்லு, வந்த உடனே ஒட்டணும்."

காவலாளி அங்கேயே நின்றார். லிப்டுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. எந்தப் பேப்பரும் இல்லை. இந்த இனத்தின் அடையாளமே இதுதான்: எச்சரிக்கையை அவர்கள் அவ்வளவு அழகாகத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள், ஆபத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஆகலையா?" என்று கேட்கும்.

ஆபத்து நாலாம் மாடியிலிருந்து வந்தது.

நாலாம் மாடியில் தையல்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அன்று மாலை நாலு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் பேருந்துக் கண்டக்டர். அவளுக்குக் கல்யாண கவுன் தைத்தது இந்த அக்கா. கீழே மூன்றடுக்கு, கடைசி அடுக்கின் ஓரமெல்லாம் முத்து. பெண் வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஒரு சாண் ஓரத்துக்கு மட்டும் ஹெம்மிங் பாக்கி, அதைக் கீழே சங்கத்தின் அறையில் பெண் உடுத்திப் பார்த்த பிறகு முடித்துவிடலாம் என்று ஊசி நூலைத் தோளில் குத்திக்கொண்டு, போட்டிருந்த நைட்டியோடு, கவுனை இரண்டு கைகளிலும் ஏந்தி, அக்கா லிப்டில் ஏறினாள். லிப்ட் சமர்த்தாக இறங்கியது. தரைத்தளத்தில் சரியாக நின்றது. கதவு திறக்கவில்லை.

இழுத்தாள். தள்ளினாள். காலால் உதைத்தாள். கம்பிகளுக்கு நடுவே விரல்தான் போகும், கவுன் போகாது.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "கதவு தொறக்கல."

சங்கத்தின் அறையிலிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார். "சார், ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க."

செயலாளர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரக்கம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரக்கத்துக்கு முன்னால் இன்னொன்று முந்திக்கொண்டது.

"அப்படின்னா கதவு கோளாறுன்னு இப்ப ஊரறிஞ்ச விஷயமாயிடுச்சு," என்றார். "தெரிஞ்ச காரணத்துக்கு சின்ஸ்தான் சரி."

விரல் உற்சாகமாக இறங்கியது.

"சார், என்ன சார் பண்றீங்க அங்க?" என்று லிப்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்களுக்காகத்தாம்மா எழுதிக்கிட்டிருக்கேன். லிப்டுல யாரும் ஏறக்கூடாதுன்னு."

"நான் ஏறிட்டேனே சார்."

"அதனாலதான் சின்ஸ்."

அக்காவுக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன: கத்தலாம், அழலாம், இல்லாவிட்டால் மெக்கானிக்குக்குப் போன் பண்ணச் சொல்லலாம். மூன்றாவதைத்தான் முதலில் செய்தாள். காவலாளி போன் பண்ணினார். வந்துகொண்டிருக்கிறேன் என்றான் மெக்கானிக். எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் பெண் வருவாள். நேரம் இருக்கிறது, சும்மா இருப்பானேன் என்று லிப்டில் கிடந்த பழைய முக்காலியில் உட்கார்ந்து, கவுனை மடியில் பரப்பி, பாக்கியிருந்த ஹெம்மிங்கைப் போட ஆரம்பித்தாள். நல்ல யோசனைதான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிரே ஒரு மனிதர் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டுவதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? நீங்களானால் இருப்பீர்களா?

"அது என்ன வார்த்த சார், அவ்வளவு நேரமா?"

இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்கக் கூடாது. செயலாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாலு பேரையும் அறிமுகப்படுத்தினார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"சின்ஸ் தப்பு சார்," என்றாள் அக்கா, எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு. "கதவு மாட்டுதுன்னு எனக்குத் தெரியும். அஞ்சாம் மாடிக்குத் தெரியுமா? தெரியாதவங்களுக்குத்தானே நோட்டீஸு?"

செயலாளர் ஐந்தெழுத்துகளையும் அழித்தார். முப்பது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு துணை கிடைத்ததில்லை.

"அப்ப பிகாஸ்?"

"அது கோணித் தையல் மாதிரி இருக்கு சார். கெட்டியாத்தான் இருக்கும், ஆனா வெளிய தெரியுது. பூனைன்னு சொன்னீங்களே, அது எப்படி?"

"ஆஸ். உள்தையல் மாதிரி."

"அதப் போடுங்க."

"போடலாம். ஆனா கதவு மாட்டறப்போ மட்டும் ஏறாதீங்க, மத்த நேரத்துல ஏறலாம்னு யாராவது எடுத்துக்கிட்டா?"

அக்கா ஊசியை அந்தரத்தில் நிறுத்தி யோசித்தாள். "ஆமால்ல," என்றாள்.

காவலாளிக்கும் வாய் அரித்தது. அவர் பழைய கோட்டுக்காரர் பக்கம். "சார், ஃபார் போடுங்க சார். கேக்கறதுக்கே ஒரு கம்பீரம். எங்க பழைய மொதலாளி வீட்டு வாசல்ல அதான் பெருசா எழுதியிருந்துச்சு."

"என்னன்னு?"

"ஃபார் சேல்னு."

அதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து செயலாளரின் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு படியில் இறங்கி வந்தாள். லிப்டுக்குள் ஒருத்தி உட்கார்ந்து தைப்பதையும், கட்டைவிரலில் டேப்போடு ஒருவர் நிற்பதையும், திரையில் ஒரு வாக்கியம் நடுவில் பல் விழுந்த வாய்போல நிற்பதையும் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரமே ஆகவில்லை. முப்பது வருஷப் பயிற்சி.

"என்னங்க, காரணமே வேணாம். லிப்ட் ஓடாது. அவ்வளவுதான். அதப் போட்டு ஒட்டுங்க."

ஒரு கோயிலில் போய்க் கடவுள் எதற்கு என்று கேட்டதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லிப்டுக்குள்ளிருந்தும் பார்த்தார்கள்.

"காரணம் சொல்லாத அறிவிப்பு, மரியாதை இல்லாத அறிவிப்பு," என்றார் செயலாளர்.

"அக்கா, சார் சொல்றது சரிதான்," என்றது லிப்ட். "வெறுமனே ஓடாதுன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க. நான் நம்பியிருக்க மாட்டேன்."

"அவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன் எங்கப்பாவுக்கு ஏன் காரணம் எழுதல?" என்று கேட்டாள் மனைவி.

செயலாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஓரமாக வைத்தார்.

மணி மூன்று. கண்டக்டர் வந்தாள்.

தலையில் பூ வேலைப்பாடு, முகத்தில் அலங்காரம், கழுத்துக்குக் கீழே தினமும் போடுகிற சாதாரண சட்டை. வாசலில் அவள் அண்ணன் வாடகைக் கார் ஒன்றை ஓடவிட்டே நிறுத்தியிருந்தான். லிப்டுக்குள் தன் கவுனையும் அதற்கு நடுவே அக்காவையும் பார்த்தாள்.

"அக்கா, என்னக்கா உள்ள உக்காந்திருக்கீங்க? நாலு மணிக்குக் கூப்பிடுவாங்க. விட்டா அடுத்த வாரந்தான். அவரு அங்க போய் நின்னுட்டாரு."

"இதோ ஆச்சும்மா. ஹெம்மிங்கும் முடிச்சிட்டேன் பாரு. மெக்கானிக் வந்துட்டே இருக்கான். நீ சொல்லு, நீ தினம் ஆயிரம் ஜனங்ககிட்ட பேசறவ. பிகாஸா, ஆஸா?"

"என்னது?"

சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கண்டக்டர் தீர்மானமான பெண். வண்டியில் கூட்டத்தை உள்ளே தள்ளிவிட்டு, விசிலடித்து, ஒரே வார்த்தையில் பேருந்தைக் கிளப்புகிறவள். அவளாவது தப்பிப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பிகாஸ் போடுங்க," என்றாள் உடனே. பிறகு, "ஆனா பெரியவங்க படிப்பாங்கல்ல? கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்குமோ?" என்றாள். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை. ஆஸ் கட்சியும் பிகாஸ் கட்சியும் சரிக்குச் சரியாக நின்றன. காவலாளி தனியாளாகக் கோட்டுக்காரருக்குக் கொடி பிடித்தார். அக்கா பேச்சு வேகத்தில், முடிந்துபோன ஹெம்மிங்கின்மேலேயே இன்னொரு ஓட்டம் போட்டாள், ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு தையலாக, ரெட்டை நூலில், சின்னச் சின்னதாக, இறுக்கமாக. செயலாளரின் மனைவி மட்டும் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். மெக்கானிக்கைக் கண்டு கையைப் பிடித்து இழுத்துவந்தது அவள்தான்.

மெக்கானிக் வெறும் சுவரைப் பார்த்தான். "சார், நோட்டீஸ் எங்க?"

"ஆயிட்டே இருக்குப்பா."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கம்பிக்கிடையே விட்டு எதையோ நெம்பினான். டக் என்று ஒரு சத்தம். கதவு மடங்கித் திறந்தது. இவ்வளவு நேரம் இவ்வளவு பேரை ஆட்டிவைத்த கோளாறு அவ்வளவுதான்.

"வெளிய வாங்கக்கா."

"இருங்க தம்பி, ஒரே ஒரு வார்த்த பாக்கி," என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்போதுதான் கண்டக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. கைப்பையைத் திறந்தாள், விசிலை எடுத்தாள், ஊதினாள். ஐந்து மாடிக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் வாய் மூடினார்கள்.

"மூணரை," என்றாள். லிப்டுக்குள் பாய்ந்து கவுனை வாரி எடுத்து இழுத்தாள்.

கவுன் வந்தது. அக்காவும் வந்தாள்.

திரும்ப இழுத்தாள். அக்கா இன்னும் ஓரடி வந்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். கவுனின் கடைசி அடுக்கும் அக்காவின் நைட்டியும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாகியிருந்தன. பிசிறில்லாத தையல். அக்கா அந்த நிலையிலும் அதை ஒருமுறை பெருமையோடுதான் தடவிப் பார்த்தாள்.

"பிரிக்கணும்னா நேரமாகும்மா. ரெட்டை நூலு. இழுத்தா முத்தெல்லாம் கொட்டிடும். கத்திரி மேல நாலாம் மாடியில இருக்கு."

"லிப்ட்?"

"லாக்கக் கழட்டிட்டேன்," என்றான் மெக்கானிக். "இப்ப ஓடாது."

"ஓடாததுக்குக் காரணம் இப்ப வேற ஆயிடுச்சு," என்று மெல்லச் சொன்னார் செயலாளர். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

கண்டக்டர் இப்போது கண்டக்டராகத் திரும்பிவிட்டாள். செயலாளரையும் காவலாளியையும் மெக்கானிக்கையும் அறையை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து துணி சரசரப்பும், "கையத் தூக்குங்கக்கா", "என் காலு, என் காலு" என்ற குரல்களும் கேட்டன. கதவு திறந்தபோது மூன்றடுக்குக் கவுனில் ஒரு மணப்பெண் நின்றாள்; அவளுக்குப் பின்னால், கவுன் ஓரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூப்போட்ட நைட்டியில் அக்கா.

"ரைட், போலாம்," என்றாள் பெண்.

போனார்கள். இரண்டு பேரும் ஒரே காலெடுத்து வைத்து, வாசற்படியில் ஒன்றாக இறங்கி, ஒருவர்மேல் ஒருவராகக் காரில் ஏறிப் போனார்கள்.

பதிவு அலுவலகத்தில் நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசமாகவே படவில்லையாம். கவுன் தரையில் புரளாமல் தாங்கிவர ஒரு தோழி வைத்திருக்கிறாள், வசதியான வீடு போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். மாப்பிள்ளை மட்டும் குழம்பிப்போய், அக்காவுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்திருக்கிறான். பதிவாளர் முறைப்படி நடக்கிற மனிதர். சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டார், இரண்டாவது சாட்சி என்று நிமிர்ந்தார், கைக்கெட்டும் தூரத்தில் அக்காதான் இருந்தாள். வேறு யாரும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க முடியாது.

"ஏம்மா," என்றார் பதிவாளர், மேலும் கீழும் பார்த்து, "கல்யாணத்துக்கு நைட்டியிலயா வருவீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். காரணம் கையிலேயே இருந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். "ஏன்னா," என்றாள். நிறுத்தினாள். பெரிய மனிதர், அரசாங்க நாற்காலி. அவர்முன் இது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்குமோ? உங்களுக்குத்தான் தெரியுமே என்று ஆரம்பிக்கலாமென்றால் இவருக்கு என்ன தெரியும்? பூனையை விடலாமா? சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே அடுத்த ஜோடி கதவைத் தட்டியது. பதிவாளரின் பேனா மூடியை நோக்கிப் போயிற்று.

நல்லவேளை, பெண்ணின் கைப்பையில் விசில் இருந்தது. மறுபடியும் ஊதினாள், அக்கா வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணம் முடிந்தது.

இங்கே, மெக்கானிக் புது லாக்கை மாட்டி, இரண்டுமுறை ஏறி இறங்கிப் பார்த்து, கைதுடைத்துக்கொண்டு போய்விட்டான். லிப்ட் வெண்ணெய்போல் ஓடியது. செயலாளரின் மனைவி ஆறிப்போன சாப்பாட்டை அவர் முன்னால் திறந்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப யாரும் இல்ல. சும்மா தமிழ்லயே சொல்லுங்க. என்னை ஏன் கட்டிக்கிட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"உனக்குத்தான் தெரியுமே," என்றார்.

அவள் பருப்பைக் கலந்து அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப சின்ஸு," என்றாள். எந்தத் தேதியிலிருந்து என்று இனிமேல் அந்த வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஏனென்றாலார் ஏனென்றாலார்தானே. சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும் அறிவிப்பை விட்ட இடத்தில் பிடித்தார். லிப்ட்தான் ஓடுகிறதே என்றார் காவலாளி. மறுபடி நின்றால் உதவும் என்றார் செயலாளர். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு கட்சி வருத்தப்படும் என்பதால், அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, தேவைப்படும்போது எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் வாக்கியத்தைக் கச்சிதமாக நிறுத்தி, பிரிண்டரில் எடுத்தார். நேரான ஓரங்கள், பெரிய எழுத்து, பிழையில்லை. முடிந்துபோன வேலைக்கே உரிய சூடு தாளில் இருந்தது.

காவலாளியிடம் கொடுத்தார். காவலாளி காலையிலிருந்து கட்டைவிரலில் காத்திருந்த டேப்பைப் பார்த்தார், ஓடுகிற லிப்டைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்க்கிறார். படித்தவர்போல் இருக்கிறீர்கள், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டும் இருக்கிறீர்கள். தாளை உங்களிடம் நீட்டுகிறார். கோடு இருக்கிறது, ஒரே ஒரு சொல்தான் பாக்கி. வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவைத் தேடுகிறீர்களா? தேடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அக்கா உள்ளே மாட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் மனதில் ஓடியது எது: கதவை எப்படித் திறப்பது என்பதா, பிகாஸா ஆஸா என்பதா?

பரவாயில்லை, சொல்ல வேண்டாம். இந்தாருங்கள், பிடியுங்கள்.